எஸ்டேட் வரியை ஒழிக்கவா? வாஷிங்டன் மாநிலத்தின் 920 வாக்கெடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டேட் என்றதும் நம்மில் பலருக்கு வால்பாறை தேயிலைத் தோட்டம்தான் கண்முன் வரும். சியாட்டில் பக்கம் குடிவந்த புதிதில் எனக்கும் அப்படித்தான். "இந்த மாநிலத்தில் எஸ்டேட் வரி உண்டு, தெரியுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, நமக்கெங்கே எஸ்டேட் என்று சிரித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, செத்தவர் விட்டுப்போன மொத்தச் சொத்துக்கும் சட்டத்தில் அந்தப் பெயர்தான் என்று.

இங்கே ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொட்லக் விருந்துகளில் வீட்டு விலைப் பேச்சு எடுத்தால் பத்தாவது நிமிடத்தில் இந்த வரி வந்துவிடும். "அதை ஒழிக்க ஒரு ஓட்டு நடந்ததாமே, மக்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாமே, அது எப்படி?" என்று யாராவது கேட்பார்கள். 2006இல் நடந்த 920-ஆம் இனிஷியேட்டிவைத்தான் கேட்கிறார்கள். மக்களே கையெழுத்து திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் சட்ட முன்மொழிவுக்கு இங்கே இனிஷியேட்டிவ் என்று பெயர். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எஸ்டேட் வரி என்றால் வீட்டுக்கு வருடாவருடம் கட்டும் சொத்து வரியா?

இல்லை. சொத்து வரி உயிரோடு இருப்பவர் ஆண்டுதோறும் கட்டுவது, கவுண்டி (நம் மாவட்ட நிர்வாகம் மாதிரி) வசூலிப்பது. எஸ்டேட் வரி ஒருவர் இறந்த பிறகு ஒரே ஒரு முறை வருவது. அவர் பெயரில் இருந்த வீடு, நிலம், வங்கிப் பணம், பங்குகள், ஓய்வூதியக் கணக்கு, கார், நகை எல்லாவற்றையும் கூட்டி, கடனையும் ஈமச் செலவையும் கழித்து, சட்டம் விட்டுக்கொடுக்கும் வரம்புக்கு மேலே எவ்வளவு மிஞ்சுகிறதோ அதற்கு மட்டும் வரி. வரம்புக்குக் கீழே இருந்தால் ஒரு காசு கிடையாது.

வாரிசு வரி என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பேச்சில் ஒன்றாகிவிட்டது, சட்டத்தில் வேறு. எஸ்டேட் வரி மொத்தச் சொத்தின் மேல் விழும், பிரிப்பதற்கு முன்பே கட்டியாக வேண்டும். வாரிசு வரியில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்பார்கள். மகனுக்கு ஒரு விகிதம், மருமகனுக்கு ஒரு விகிதம், உறவே இல்லாதவருக்கு இன்னொன்று. வாஷிங்டனில் முதலில் இருந்தது வாரிசு வரி, இப்போது இருப்பது எஸ்டேட் வரி. கதையே இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

'சாவு வரி' என்பது எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர். காதில் விழுந்ததும் கோபம் வருகிற மாதிரி வைத்த பெயர் என்பதால் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

920 சரியாக என்ன கேட்டது?

மாநில எஸ்டேட் வரிச் சட்டத்தை அடியோடு நீக்க வேண்டும், அவ்வளவுதான். விகிதத்தைக் குறை, வரம்பை ஏற்று என்றெல்லாம் இல்லை. புதிய சட்டம் நடப்புக்கு வரும் நாளிலிருந்து யார் இறந்தாலும் மாநிலத்துக்கு வரி இல்லை என்பதே கோரிக்கை.

வாஷிங்டனில் சட்டமன்றம் போட்ட சட்டத்தை மக்களே நேரடியாக வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்க்கலாம். அதற்குக் கையெழுத்து திரட்ட வேண்டும். முந்தைய ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் 8 சதவீதம் என்று கணக்கு. அந்த ஆண்டு 2,24,880 செல்லுபடியாகும் கையெழுத்துகள் தேவைப்பட்டன. திரட்டினார்கள். 2006 நவம்பர் 7 அன்று வாக்கெடுப்பு.

அதற்கு முன்பே ஒரு முறை மக்கள் இந்த வரியை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

ஆமாம், 1981இல். அது 402-ஆம் இனிஷியேட்டிவ். 1901இலிருந்து இருந்துவந்த வாரிசு வரியை மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் சேர்ந்து தூக்கியெறிந்தார்கள். அதே மாநிலம் கால் நூற்றாண்டு கழித்து கிட்டத்தட்ட அதே அளவு வாக்கில் எதிர்த்திசையில் முடிவெடுத்தது. மக்கள் மனம் மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இரண்டு முறை கேட்டதும் ஒரே கேள்வி இல்லை.

1981இல் ஒழிந்தது சாதாரணக் குடும்பங்களையும் தொட்ட வரி. அதைவிட முக்கியம், ஒழித்ததால் மாநிலத்துக்கு வருமானம் முற்றிலும் போய்விடவில்லை. பழைய வரிக்குப் பதிலாக, வாரிசுகளுக்கு ஒரு டாலர்கூடக் கூடுதல் செலவில்லாத இன்னொரு வரியை அந்த முன்மொழிவே கொண்டுவந்தது.

செலவே இல்லாமல் ஒரு வரியா? நம்பும்படி இல்லையே.

கேட்டால் வித்தை மாதிரி இருக்கும். ஆனால் நிஜம். கூட்டாட்சி அரசுக்கென்று, அதாவது அமெரிக்க மத்திய அரசுக்கென்று, தனியாக ஒரு எஸ்டேட் வரி உண்டு. மாநிலத்துக்கு ஏதாவது வரி கட்டியிருந்தால் அதை ஒரு குறிப்பிட்ட அளவு வரை நாட்டின் தலைநகரான வாஷிங்டன் டி.சி.க்குக் கட்டும் வரியிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று அப்போது விதி இருந்தது. ஒரு குடும்பம் கூட்டாட்சிக்கு 1,00,000 டாலர் கட்டவேண்டும், அதில் 20,000 வரை கழித்துக்கொள்ளலாம் என்று வையுங்கள். மாநிலம், "அந்த 20,000-ஐ எனக்குக் கொடு" என்று சட்டம் போட்டால் குடும்பம் இங்கே 20,000, அங்கே 80,000 கட்டும். மொத்தம் அதே லட்சம்தான். ஒரே தோசையை இரண்டு தட்டில் போட்ட மாதிரி.

இந்தக் கழிவு வந்த கதையும் சுவாரசியமானது. 1924இல் ஃபுளோரிடா மாநிலம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, எங்கள் ஊரில் இனி இறப்பு வரியே கிடையாது என்று பணக்காரர்களை வா வா என்றழைத்தது. மற்ற மாநிலங்கள் அலறின. அதே ஆண்டு கழிவு விதி வந்தது. 1926இல் அதைக் கூட்டாட்சி வரியில் 80 சதவீதம் வரை உயர்த்தினார்கள். எங்கே குடியிருந்தாலும் மொத்தச் சுமை ஒன்றுதான் என்று ஆனபின் ஊர் மாறி என்ன லாபம்?

அப்படியானால் 2005இல் ஏன் புதுச் சட்டம் வந்தது?

தோசையை ஒரு தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2001இல் ஜார்ஜ் புஷ் காலத்து வரிக்குறைப்புச் சட்டம் இந்த மாநிலக் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. 2002இல் முக்கால், 2003இல் பாதி, 2004இல் கால், 2005இல் சுழியம். பல மாநிலங்களுக்கு வருமானம் சத்தமில்லாமல் நின்றுபோனது. வாஷிங்டன் மாநிலமோ பழைய கணக்குப்படியே வாங்கிக்கொண்டிருந்தது. ஹெம்ப்ஹில் என்பவரின் எஸ்டேட் தரப்பு வழக்குப் போட்டது. 2005 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 402 அனுமதித்தது கழிவின் அளவுக்கு மட்டுமே, கழிவு கரைந்தால் வரியும் கரைய வேண்டும். கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

மூன்றே மாதத்தில், 2005 மே 17 அன்று, ஆளுநர் கிறிஸ்டின் கிரெகுவார் கையெழுத்தில் தனியொரு மாநில எஸ்டேட் வரி வந்தது. இது கூட்டாட்சிக் கழிவைச் சார்ந்ததில்லை. இரண்டாவது தட்டுக்கு இரண்டாவது தோசை. அந்த ஆண்டு 15 லட்சம் டாலர், 2006 ஜனவரியிலிருந்து 20 லட்சம் டாலர் விலக்கு. அதற்கு மேலே 10 முதல் 19 சதவீதம் வரை படிப்படியாக.

1981இல் வாக்களித்தவர்களுக்கு இது ஏமாற்றாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. "நாங்கள் ஒழித்ததை நீங்கள் கொல்லைப்புறமாகக் கொண்டுவருகிறீர்கள்" என்பதுதான் 920இன் பின்னால் இருந்த உண்மையான கோபம். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள்?

முன்மொழிந்தவர் டெனிஸ் ஃபால்க். பெரும்பணம் போட்டவர் சியாட்டில் கட்டட அதிபர் மார்ட்டின் செலிக். நகரத்தின் நடுவே 76 மாடியில் கறுப்பாக நிற்கும் கொலம்பியா சென்டரைக் கட்டியவர் இவர்தான். 'சியாட்டில் டைம்ஸ்' நாளிதழின் அன்றைய பதிப்பாளர் ஃபிராங்க் பிளெத்தன் பல ஆண்டுகளாகவே இந்த வரிக்கு எதிராக எழுதியும் பேசியும் வந்தவர். குடும்பம் நடத்தும் பத்திரிகைகள் தலைமுறை மாறும்போது வரி கட்டவே விற்கப்பட்டுவிடுகின்றன என்பது அவர் வாதம்.

எதிர்ப்பக்கத்தில் ஆசிரியர் சங்கங்கள், அவர்களோடு பில் கேட்ஸின் தந்தை, வழக்கறிஞர் பில் கேட்ஸ் சீனியர். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய பணக்காரரின் அப்பா, பணக்காரருக்கு வரி போடு என்று மேடையேறியது எல்லோர் கவனத்தையும் இழுத்தது. ஒருவன் சேர்த்த செல்வத்தில் சாலைக்கும் பள்ளிக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கும் நீதிமன்றத்துக்கும் பங்குண்டு, கடைசியில் அதில் ஒரு பகுதி திரும்பிப் போவதில் தவறில்லை என்பது அவர் பேச்சின் சாரம்.

விவசாய நிலத்தை விற்றுத்தான் வரி கட்டவேண்டும் என்று பயமுறுத்தினார்களே?

விளம்பரங்களில் அதிகம் வந்த படம் அதுதான். யாக்கிமா ஆப்பிள் தோட்டம், கிழக்கே கோதுமை வயல், தொப்பி போட்ட பெரியவர். ஆனால் 2005 சட்டத்திலேயே விவசாயத்துக்குக் கழிவு இருந்தது. சொத்தில் பெரும்பகுதி பண்ணையாக இருந்து, குடும்பமே உழுதுவந்ததாக இருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த நிலத்தின் மதிப்பையே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். அதற்கு உச்சவரம்பும் இல்லை.

குடும்பத் தொழில்களின் புகார் இதைவிட வலுவானது. அச்சகம், மரக்கடை, கார் டீலர்ஷிப், பத்திரிகை போன்றவற்றுக்கு 2006இல் அப்படி ஒரு கழிவு கிடையாது. காகிதத்தில் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள தொழிலில் கையில் ரொக்கம் 1 லட்சம்கூட இல்லாமல் இருக்கும். வரிக்கு எங்கே போவது? என் பார்வையில் 920 தரப்பு இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். ஆப்பிள் தோட்டத்துக்குப் போனது தப்பு. எதிர்த்தரப்பு சட்டப்புத்தகத்தைத் திறந்து காட்டி ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டது. பின்னாளில் 2013இல் சட்டமன்றமே தொழில்களுக்கும் 25 லட்சம் டாலர் வரை கழிவு கொடுத்தது, 60 லட்சத்துக்கு மிகாத தொழில் பங்கு என்ற நிபந்தனையோடு. அந்தப் புகாரில் உண்மை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

உண்மையில் எத்தனை பேர் கட்டினார்கள்?

அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 45 ஆயிரம் பேர் இறந்துகொண்டிருந்த மாநிலம். அதில் வரி விழுந்தது சில நூறு எஸ்டேட்டுகளுக்கு. நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

அந்தப் பணம் எங்கே போயிற்று?

இதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனென்றால் தேர்தலே இதில்தான் தீர்ந்தது. 2005 சட்டம் வரியை மட்டும் போடவில்லை. வரும் பணம் பொதுக் கஜானாவில் கலக்காமல், 'கல்வி மரபு அறக்கட்டளைக் கணக்கு' என்று ஒன்றைத் திறந்து அதில் போய்விழ வைத்தது. சிகரெட் பாக்கெட்டுக்கு அதே ஆண்டு ஏற்றிய 60 சென்ட் வரியும் அங்கேயே சேர்ந்தது. வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று 2000இலேயே இன்னொரு இனிஷியேட்டிவில் மக்கள் பெருவாரியாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் பணம் இல்லை என்று இழுபறி. இந்தக் கணக்கு அதற்கும், கல்லூரி இடங்களுக்கும், மாணவர் உதவித்தொகைக்கும் போனது.

கஜானாவுக்குப் போகும் வரியைப் பற்றி யாருக்கும் பாசம் கிடையாது. என் பெண் படிக்கும் மூன்றாம் வகுப்பில் 24 பேரா 30 பேரா என்று தீர்மானிக்கும் வரி என்றால் கதை வேறு. சட்டம் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமே இல்லை.

வாக்குச்சீட்டில் கேள்வி எப்படி அச்சாகியிருந்தது?

'மாநில எஸ்டேட் வரியை நீக்கலாமா' என்று மொட்டையாக இல்லை. தற்போது கல்வி மரபு அறக்கட்டளைக் கணக்குக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் வரியை விதிக்கும் சட்டங்களை இந்த முன்மொழிவு நீக்கும், இதைச் சட்டமாக்கலாமா, ஆம் அல்லது இல்லை என்ற பொருளில் இருந்தது. கல்வி என்ற சொல் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

இங்கே தலைப்பை எழுதுவது முன்மொழிந்தவர் இல்லை, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம். வாக்குச்சாவடிக்கு ஓடி, இரண்டு நிமிடத்தில் பொத்தானை அழுத்திவிட்டு வருவதில்லை இந்த ஊர் வழக்கம். பெரும்பாலோர் வீட்டுக்கு வந்த வாக்குச்சீட்டை சாப்பாட்டு மேசையில் வைத்து, கூடவே வந்த வாக்காளர் கையேட்டைப் பக்கத்தில் விரித்து, நிதானமாகக் குறிப்பார்கள். அப்படிப் படிப்பவர் கண்ணில் அந்த ஒரு சொல் படாமல் போகாது.

முடிவு என்ன?

'ஆம்' 38 சதவீதம், 'இல்லை' 62 சதவீதம். வரி நிலைத்தது.

வரியை ஒழிக்கும் வாய்ப்பு கையில் இருந்தும் மக்கள் ஏன் வேண்டாம் என்றார்கள்?

வாஷிங்டன்காரர்களுக்கு வரி பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2010இல் பணக்காரர்களுக்கு மட்டும் வருமான வரி போட வந்த முன்மொழிவை, அதே கேட்ஸ் சீனியர் முன்நின்றும், 64 சதவீதம் பேர் தோற்கடித்தார்கள். புது வரியென்றால் இந்த ஊருக்கு ஒவ்வாமை.

என் கணிப்பு இது. ஏற்கெனவே இருக்கிற வரி, தன்மேல் விழாத வரி, எங்கே போகிறது என்று பெயர் சொல்லத்தெரிந்த வரி, இந்த மூன்றும் சேர்ந்தால் அதைத் தூக்க ஆள் வராது. 2005இல் பெட்ரோல் வரி உயர்வை ரத்து செய்யக் கேட்ட 912 தோற்றது, காரணம் அந்தப் பணத்தில் எந்தப் பாலம், எந்தச் சாலை என்று பட்டியல் இருந்தது. 2024இல் மூலதன ஆதாய வரியை ஒழிக்கக் கேட்ட 2109-உம் ஏறத்தாழ 64 சதவீத எதிர்ப்பில் விழுந்தது. அந்த வரியின் முதல் 50 கோடி டாலர் ஆண்டுதோறும் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? அதே கல்வி மரபுக் கணக்குதான்.

1981 வாரிசு வரிக்கு இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் இருந்தது. இறப்பவருக்கு வரி போடுவது நியாயமா என்ற பெரிய தத்துவக் கேள்விக்கு இரண்டு தேர்தலிலுமே பதில் கிடைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

920 வென்றிருந்தால் கூட்டாட்சி வரியும் போயிருக்குமா?

போயிருக்காது. அது நாடாளுமன்றம் போட்டது, மாநில வாக்கெடுப்பு அதைத் தொட முடியாது. 2006இல் இரண்டுக்கும் வரம்பு தற்செயலாக ஒன்றே, 20 லட்சம் டாலர். அதனால் பலர் குழம்பினார்கள். இன்று அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கூட்டாட்சி வரம்பு 2026இல் ஒருவருக்கு 1.5 கோடி டாலர்.

2006க்குப் பிறகு சட்டம் அப்படியேதான் இருக்கிறதா?

எங்கே இருக்கவிட்டார்கள்! 2012 அக்டோபரில் பிராக்கன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், வாழ்க்கைத் துணைக்காக ஏற்படுத்தப்பட்ட சில டிரஸ்ட் சொத்துகளுக்கு வரி கேட்டது செல்லாது என்றது. 2013இல் சட்டமன்றம் பின்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தது. அத்தோடு உச்ச விகிதத்தை 20 சதவீதமாக ஏற்றி, விலைவாசிக்கேற்ப வரம்பு தானாக உயரும் என்றும் எழுதியது.

அங்கேதான் வேடிக்கை. எந்த விலைவாசிக் குறியீட்டைச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுதினார்களோ, அந்த சியாட்டில் வட்டாரக் குறியீட்டைக் கூட்டாட்சிப் புள்ளியியல் துறை மாற்றியமைத்துவிட்டது. பெயரிட்ட குறியீடு இல்லை, ஆகவே உயர்வும் இல்லை. 2018இல் 21,93,000 டாலரில் நின்ற வரம்பு அப்படியே உறைந்துபோனது. அந்த ஆண்டுகளில் சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவிலும் சம்மாமிஷிலும் வீட்டு விலை என்ன ஓட்டம் ஓடியது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

2025 மே மாதம் ஆளுநர் பாப் ஃபெர்குசன் கையெழுத்திட்ட சட்டம் வரம்பை ஜூலை 1 முதல் 30 லட்சமாக்கியது. கூடவே உச்ச விகிதத்தை 20-லிருந்து 35 சதவீதத்துக்குத் தூக்கியது. அந்தத் தேதியில் நாட்டில் எந்த மாநிலத்திலும் அவ்வளவு உயரம் இல்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: இறந்த நாளன்று எந்தச் சட்டம் நடப்பில் இருந்ததோ அதுதான் பொருந்தும். வருவாய்த் துறையின் அட்டவணையைத் தேதி பார்த்துப் படிக்கவேண்டும்.

கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

சரி. கழிவெல்லாம் போக 45 லட்சம் டாலர் என்று வையுங்கள். 2006 சட்டப்படி 20 லட்சம் போக 25 லட்சம் மிச்சம். முதல் 10 லட்சத்துக்கு 10 சதவீதம், அதாவது 1 லட்சம். அடுத்த 10 லட்சத்துக்கு 14 சதவீதம், 1.4 லட்சம். மீதி 5 லட்சத்துக்கு 15 சதவீதம், 75 ஆயிரம். ஆக 3,15,000 டாலர். 2025 ஜூலைச் சட்டப்படி 30 லட்சம் போக 15 லட்சம்தான் மிச்சம். முதல் 10 லட்சத்துக்கு 1 லட்சம், மீதி 5 லட்சத்துக்கு 15 சதவீதம் 75 ஆயிரம். ஆக 1,75,000. குறைந்துவிட்டது!

இதையே 2 கோடி டாலருக்குப் போட்டால் 2006இல் 31.5 லட்சம், 2025 சட்டத்தில் 47.3 லட்சம். நடுத்தரப் பணக்காரருக்கு இறக்கம், பெரும் பணக்காரருக்கு ஏற்றம். 35 சதவீதம் என்ற தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டு வீட்டை விற்கலாமா என்று யோசித்த ஒரு நண்பரிடம் இந்தக் கணக்கைத்தான் பேப்பர் நாப்கினில் எழுதிக் கொடுத்தேன்.

பணக்காரர்கள் ஊரைவிட்டே போய்விட மாட்டார்களா?

போகலாம். கூட்டாட்சிக் கழிவு ஒழிந்தபின் 1924இன் ஃபுளோரிடா ஆசை மறுபடி உயிர்பெற்றது உண்மை. ஜெஃப் பெசோஸ் 2023இல் சியாட்டிலை விட்டு மயாமிக்குப் போவதாக அறிவித்தார். பெற்றோர் அங்கே இருப்பதையும் தன் ராக்கெட் தொழிலையும் அவர் காரணமாகச் சொன்னார், ஊரோ வரியைக் காரணமாகச் சொன்னது. இந்த வரி சில நூறு பேரை நம்பி நிற்பது. அதனால் ஒரே ஒருவர் போனாலும், ஒரே ஒருவர் இறந்தாலும், அந்த ஆண்டு வரவு ஏறி இறங்கும். ஆசிரியர் சம்பளத்தை இப்படிப்பட்ட வரவில் கட்டி வைப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வேறு மாநிலங்களில் இப்படி வாக்கெடுப்பு நடந்ததா?

நடந்தது. கலிஃபோர்னியா 1982 ஜூனில் தன் வாரிசு வரியை ஒழித்தது. தெற்கு டகோட்டாவும் மொன்டானாவும் 2000இல் ஒழித்தன. பக்கத்து ஓரிகான் 2012இல் 84-ஆம் முன்மொழிவைத் தோற்கடித்து எஸ்டேட் வரியை வைத்துக்கொண்டது. அங்கே வரம்பு 10 லட்சம் டாலர்தான். அவ்வளவு தாழ்வான வரம்பிலும் 'இல்லை' வென்றது, 54 சதவீத அளவில். ஒழித்த மூன்றும் பழைய மாதிரி வாரிசு வரிகள் என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவிலும் இது இருந்ததாமே?

இருந்தது. அப்பா காலத்து ஆட்கள் 'எஸ்டேட் டியூட்டி' என்பார்கள். 1953 முதல் 1985 வரை. உச்ச விகிதம் ஒரு கட்டத்தில் 85 சதவீதம். வசூலோ கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய். ஒரே சொத்துக்குச் செல்வ வரியும் இதுவும் எதற்கு என்று நிதியமைச்சர் வி.பி.சிங் எடுத்துவிட்டார். யாரும் மக்களிடம் கேட்கவில்லை, பட்ஜெட் உரையோடு முடிந்தது.

2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் சாம் பிட்ரோடா, அமெரிக்காவில் 10 கோடி டாலர் வைத்திருப்பவர் இறந்தால் 55 சதவீதத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்று சொல்லப்போய் பெரிய ரகளையானது. ஊரிலிருந்து எனக்கு அன்றைக்கு மட்டும் நான்கு வாட்ஸ்அப் செய்தி. கூட்டாட்சி உச்ச விகிதம் 40 சதவீதம், அதுவும் அந்த ஆண்டு 1.36 கோடி டாலர் வரை ஒன்றும் கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் தனி வரியும் இல்லை. எஸ்டேட் வரி இருப்பவை 12 மாநிலங்களும் டி.சி.யும்தான்.

நாங்கள் மாதச் சம்பளக்காரர்கள். எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?

அந்த நாப்கின் நண்பரும் இதையேதான் கேட்டார். சரி, எழுதுங்கள் என்றேன். கடன் போக வீடு 11 லட்சம். இரண்டு பேர் 401கே ஓய்வூதியக் கணக்கும் சேர்த்து 9 லட்சம். கம்பெனிப் பங்கு 6 லட்சம். அப்புறம் நின்றுவிட்டார். 15 லட்சத்துக்கு எடுத்திருந்த டெர்ம் இன்ஷூரன்ஸ்? "அது செத்தால்தானே வரும்" என்றார். இந்த வரியே செத்தால்தானே வரும்! பாலிசி அவர் கட்டுப்பாட்டில் இருந்தால் அந்த 15 லட்சமும் எஸ்டேட்டில் சேரும். 26 லட்சம் ஒரே நொடியில் 41 லட்சம் ஆனது.

கணவனோ மனைவியோ அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருந்தால் அவருக்குப் போகும் சொத்துக்கு முதல் மரணத்தில் வரி இல்லை. கிரீன் கார்டு மட்டும் இருந்தால் இந்தச் சலுகை நேரடியாகக் கிடைக்காது, அதற்கென்று ஒரு தனி டிரஸ்ட் வைக்கவேண்டும். நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. இன்னொன்று, முதலில் இறந்தவரின் பயன்படுத்தாத விலக்கு இந்த மாநிலத்தில் மற்றவருக்குத் தானாக வந்து சேராது. கூட்டாட்சி வரியில் வரும், இங்கே வராது. உயிலில் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால்தான் இரண்டு விலக்கும் கிடைக்கும்.

சென்னையில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது. அதற்கும் வரியா?

மாநில வரி மொத்தச் சொத்தில் வாஷிங்டனுக்குள் இருக்கும் பங்குக்கு ஏற்ப மட்டுமே. வேளச்சேரி ஃப்ளாட் அந்தப் பங்கில் வராது. ஆனால் வங்கி டெபாசிட், பங்கு, பத்திரம் மாதிரி நிலத்தோடு ஒட்டாத சொத்துகள், எந்த நாட்டில் இருந்தாலும், இங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவருடையது என்றால் இங்கேயே இருப்பதாகக் கணக்கு. அதோடு, வரி விவரம் தாக்கல் செய்யவேண்டுமா என்று பார்க்கும்போது ஃப்ளாட்டையும் சேர்த்தே கூட்டவேண்டும்.

இறந்த நாளிலிருந்து 9 மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். தாக்கலுக்கு 6 மாத நீட்டிப்புக் கேட்கலாம், பணம் கட்டுவதற்கு நீட்டிப்பு இல்லை. ஊரில் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் நடந்து, ஃப்ளாட்டின் மதிப்புக்கு ஒரு காகிதம் வாங்கி, அதை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் 9 மாதம் எப்படி ஓடும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பாலிசி எண், டெபாசிட் ரசீது, பட்டா நகல் எல்லாம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.